ராஜாவுக்குச் செக்

திண்ணையில் சதுரங்கம் ஆடும் பையன் குதிரையைத் தூக்கி வைத்துவிட்டு “ராஜாவுக்குச் செக்!” என்கிறான். ஒரே சொல்லைத்தான் இரண்டு முறை சொன்னோம் என்று அவனுக்குத் தெரியாது. செக் என்றாலே ராஜாதான். ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ என்று பேச்சில் அடுக்குவோமே, அந்த வகை. அந்தச் சொல் தன் முகமே அடையாளம் தெரியாதபடி மாறுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலும், நாலைந்து மொழிகளும் ஆகியிருக்கின்றன.

ஆங்கிலமே படிக்காதவர்கூட நம் ஊரில் ஒரு நாளைக்குப் பல தடவை இந்தச் சொல்லைப் பேசிவிடுகிறார். பேருந்தில் செக்கர் ஏறுகிறார். மாவட்ட எல்லையில் செக்போஸ்ட். சர்க்கரை நோய்க்காரர் மாதாமாதம் செக்கப்புக்குப் போகிறார். மகனின் கல்லூரிக் கட்டணத்தைச் செக்காகத் தரலாமா என்று கேட்கிறார். ஓடையின் குறுக்கே கட்டியிருப்பது செக்டேம். ஜவுளிக்கடையில் கட்டம் போட்ட சட்டைக்குச் செக்டு சட்டை என்று பெயர். வாரப் பத்திரிகையின் அட்டையில் யாரோ ஓர் அமைச்சருக்கு யாரோ ‘செக் வைத்திருக்கிறார்’. இத்தனையும் ஒரே சொல்லா, அல்லது ஒலி மட்டும் ஒத்துப்போகும் வேறு வேறு சொற்களா? ஆங்கிலத்தில் பேட் என்றால் கிரிக்கெட் மட்டையும் உண்டு, வௌவாலும் உண்டு. இரண்டுக்கும் பிறப்பில் தொடர்பில்லை. செக் அப்படியல்ல. மேலே சொன்ன அத்தனைக்கும் தாய் ஒன்று. அந்தத் தாய் ஆங்கிலேயச்சி அல்லள், பாரசீகத்தாள்.

பாரசீக மொழியில் ஷா என்றால் அரசன். ஷாஜகானின் பெயரில் முன்னால் நிற்பது அதுதான். ரஜினிகாந்த் 1995இல் நடித்த ‘பாட்ஷா’வின் பின்பாதியும் அதுதான், ‘பாதிஷா’ என்ற பேரரசப் பட்டம் நம் வாயில் அப்படி வந்து நின்றது. ஷாவின் பழைய வடிவத்தைக் கல்லில் பார்க்கலாம். மேற்கு ஈரானில் பெஹிஸ்தூன் மலைச் சரிவில் முதலாம் டேரியஸ், கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், தான் எப்படி அரியணை ஏறினேன் என்பதை மூன்று மொழிகளில் வெட்டிவைத்தான். அதில் தன்னை அவன் சொல்லிக்கொள்ளும் சொல் ஏறக்குறைய ‘க்ஷாயதிய’ என்று ஒலிக்கும். ஆளுதல் என்ற பொருள் கொண்ட வேர் அது. வடமொழியின் க்ஷத்திரம், க்ஷத்திரியன் என்பவை அதற்குப் பங்காளிகள். ஆக, வங்கிச் செக்கும் க்ஷத்திரியனும் தூரத்து உறவு.

அரசனைக் குறித்த சொல் மேற்கே போனது படையெடுப்பால் அல்ல, விளையாட்டால். அந்த விளையாட்டு இந்தியாவிலிருந்து போனது. சதுரங்கம் என்ற பெயர் சதுரக் கட்டங்களால் வந்தது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சதுர் என்பது நான்கு, அங்கம் என்பது உறுப்பு: தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படை. கட்டம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விளக்கம். இந்தியாவிலிருந்து இந்த ஆட்டம் பாரசீகத்துக்குப் போனதைப் பற்றி ஒரு பழைய பாரசீகக் கதை உண்டு. குஸ்ரோ அனுஷிர்வான், கி.பி. 531 முதல் 579 வரை ஆண்டவன். அவனுடைய சபைக்கு இந்திய அரசன் ஒருவன் காய்களையும் பலகையையும் அனுப்பி, ஆடும் முறையை உங்கள் அறிஞர்கள் கண்டுபிடிக்கட்டும், இல்லையென்றால் கப்பம் கட்டுங்கள் என்றானாம். அமைச்சன் புசுர்க்மிஹிர் அதை அவிழ்த்ததோடு, பதிலுக்கு வேறொரு ஆட்டத்தை அமைத்து இந்தியாவுக்கு அனுப்பினானாம். கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது பாரசீகக் கதை. வென்றவன் பாரசீகனாகச் சொல்லப்படும் அந்தக் கதையே ஆட்டம் இந்தியாவிலிருந்து வந்ததை ஒப்புக்கொள்கிறது. அதனால் அதற்கு மதிப்பு உண்டு.

சதுரங்கம் பாரசீகத்தில் சத்ரங் ஆனது. அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. அரபியரிடம் நேராகப் பெற்ற ஸ்பானியர் படையின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ‘அஹெத்ரெஸ்’ நம் சதுரங்கத்தின் சிதைவு. போர்த்துக்கீசியரின் ‘ஷத்ரெஸ்’ இன்னும் கிட்ட நிற்கிறது. அது ஆட்டத்தை மட்டுமல்லாமல் கட்டம் போட்ட துணியையும் குறிக்கும். பிரேசிலின் பேச்சு வழக்கில் சிறைக்கும் அதுதான் பெயர். கம்பிக் கட்டம் அல்லவா. மற்ற ஐரோப்பியர்கள் படையை விட்டுவிட்டு அரசனைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மானியரின் ‘ஷாக்’, இத்தாலியரின் ‘ஸ்காக்கி’, ரஷ்யரின் ‘ஷாக்மத்தி’ எல்லாமே ஷாவின் பிள்ளைகள்.

ஏன் அரசன்? ஆட்டத்தில் வாய்விட்டுச் சொன்ன சொல் அது ஒன்றுதான் என்பதே காரணம். எதிராளியின் அரசன்மேல் தாக்குதல் விழுந்தால், கவனிக்காமல் இருந்துவிடப் போகிறார் என்று “ஷா!” என்று எச்சரிப்பது பழைய மரியாதை. அரசன் தப்ப வழியே இல்லாதபோது “ஷா மாத்”. இதற்கு ‘அரசன் செத்தான்’ என்று பொருள் சொல்வது பரவலான வழக்கம். அரபியில் மாத்த என்றால் இறந்தான் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். பாரசீக அறிஞர்கள் பலர் இதை ஏற்பதில்லை. பாரசீகத்தில் மாத் என்றால் திகைத்துப்போனவன், கதியற்றவன். எனக்கும் இரண்டாவதே சரியென்று படுகிறது. சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதே இல்லை. ஆட்டம் அதற்கு ஒரு நகர்த்தல் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. சாகாத அரசனைச் செத்தான் என்பானேன்?

ஐரோப்பாவில் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் ஐன்ஸீடெல்ன் மடத்தில் இருக்கும் ஒரு லத்தீன் செய்யுள், கி.பி. 1000ஐ ஒட்டியது. லத்தீனில் ஷா, ‘ஸ்காக்’ என்று ஆகிவிட்டது. ஷகரமும், ‘ஷாஹ்’ என்று முடிவில் ஒலிக்கும் ஹகரமும் லத்தீன் நாக்குக்கு வராமல் ஸ்க என்றும் க என்றும் திரிந்தன. பிறகு அது பிரெஞ்சுக்குப் போனது. பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கு நம்மைப் போலவே ஒரு பழக்கம் இருந்தது. ஸ்கூல் என்று தொடங்க வாய் வராமல் நம் பாட்டிமார் ‘இஸ்கூல்’ என்றார்கள். பிரெஞ்சு மக்களும் அவ்வாறே ‘ஸ்க’வுக்கு முன்னால் ஓர் எகரத்தைப் போட்டார்கள். ஸ்கோலா எஸ்கோல் ஆனது. ஸ்காக், எஸ்செக் ஆனது. அரசன்மேல் வரும் தாக்கு ‘எஸ்செக்’. பன்மையாக ‘எஸ்செக்ஸ்’ என்றால் ஆட்டத்தின் பெயர்.

இங்கிலாந்தை நார்மானியர் 1066இல் பிடித்தபின் அந்தப் பிரெஞ்சு ஆங்கிலத்துக்குள் இறங்கியது. ஆங்கிலேயர் முன்னால் நின்ற எஸ்ஸை வெட்டிப்போட்டார்கள். ஒருமை செக் ஆயிற்று. பன்மை செஸ் ஆயிற்று. செஸ் என்ற சொல்லுக்குள் ‘அரசர்கள்’ என்ற பன்மை ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சில் இன்றும் அதே சொல் ‘எஷெக்’ என்று நிற்கிறது; அங்கே அதற்குத் தோல்வி என்று பொருள். தேர்வில் தவறினாலும் தொழிலில் விழுந்தாலும் எஷெக்தான். தாக்கப்பட்ட அரசனின் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். தாக்கியவனின் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் ஆங்கிலேயர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் மிகைதான்.

14ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி சாசர் ‘டச்சஸின் நூல்’ என்ற கவிதையில் விதியோடு சதுரங்கம் ஆடி ராணியை இழந்த ஒருவனைக் காட்டும்போது இந்தச் சொல் பலகையிலேயே இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் பலகையை விட்டும் இறங்கிவிட்டது. ஆட்டத்தில் செக் விழுந்தால் என்ன ஆகும்? நீங்கள் போட்ட திட்டமெல்லாம் அப்படியே நிற்கவேண்டும். அரசனைக் காப்பாற்றியபின்தான் மற்றது. அதனால் சட்டென்று நிறுத்துவது எல்லாம் செக். துரத்திப் போன வேட்டைநாய் மோப்பம் தவறி நின்றால் செக். பழகிய வல்லூறு விரட்டிய பறவையை விட்டுவிட்டு வேறொன்றின் பின்னால் போனாலும் செக் என்றார்கள். பெரியவர் கண்டிப்பது செக். பனி ஹாக்கியில் உடம்பால் மோதித் தடுப்பது இன்றும் செக். மோட்டார் குழாயில் நீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வைப் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

செக்டேமில் இருப்பதும் இந்தப் பழைய பொருள்தான். அது எதையும் சோதிப்பதில்லை. ஓடும் நீரைத் தடுக்கிறது. தடுப்பணை என்று தமிழாக்கியவர் பொருள் தெரிந்து ஆக்கியிருக்கிறார். செக்போஸ்ட் விஷயம் கொஞ்சம் சிக்கல். அங்கே தடுப்பதும் உண்டு, சோதிப்பதும் உண்டு. தமிழ் ‘சோதனைச் சாவடி’ என்று ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டது. அமெரிக்க அரசமைப்பைப் பேசும்போது வரும் ‘செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்’ என்ற தொடரில் அரசின் ஒரு கிளை மற்றொரு கிளையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமே பொருள். இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்று அதைக் ‘காசோலைகள் மற்றும் நிலுவைகள்’ ஆக்கியதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். வங்கி மேலாளர் ஒருவர் அரசியல் சட்டம் எழுதியது போல இருந்தது.

சரி, தடுத்தல் புரிகிறது. சரிபார்த்தல் எங்கிருந்து வந்தது? அகராதிகள் தடுத்தல், கட்டுப்படுத்தல், சரிபார்த்தல் என்று அம்புக்குறி போட்டுவிட்டுப் போய்விடும். அந்த அம்புக்குறி தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சொல் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவுவதில்லை. நடுவில் ஏதாவது ஒரு பொருள், கையால் தொடக்கூடிய ஒரு சாமான், அதைத் தூக்கிக் கொண்டுபோய் விட்டிருக்கும். செக்கின் விஷயத்தில் அந்தச் சாமான்கள் ஒரு மேசை விரிப்பும் ஒரு பிளந்த குச்சியும் என்பது என் கணிப்பு.

விரிப்பை முதலில் பார்ப்போம். சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ஸ்காக்காரியம் என்று பெயர். பிரெஞ்சில் எஸ்செக்கியே. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி காலத்தில், இங்கிலாந்து அரசனின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் அவைக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதை நமக்குச் சொல்லிவைத்தவர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல். இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர். 1170களின் கடைசியில் ‘ஸ்காக்காரியத்தைப் பற்றிய உரையாடல்’ என்று ஒரு நூல் எழுதினார். ஆசிரியரும் மாணவரும் பேசுவது போன்ற நூல். அலுவலகக் கையேட்டை இத்தனை சுவையாக எழுதிய அதிகாரியை அதற்குமுன்னும் பின்னும் தேடித்தான் பார்க்கவேண்டும்.

அவர் காட்டும் காட்சி இது. ஏறக்குறைய 10 அடி நீளம், 5 அடி அகலமுள்ள மேசை. காசு உருண்டு விழாமலிருக்க ஓரத்தில் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே ஈஸ்டருக்கு ஈஸ்டர் புதிதாக வாங்கிய கறுப்புத் துணி. அதில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவிட்டுக் கோடுகள். வலமிருந்து இடமாக வரிசைகள்: முதலில் பென்ஸ், அடுத்தது ஷில்லிங், பிறகு பவுன், இருபது பவுன், நூறு, ஆயிரம், பத்தாயிரம். ஒரு பக்கம் கருவூலத் தலைவர் உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கம் மாவட்டத்தின் வரியை வசூலித்து வந்த ஷெரீஃப். இன்ன தொகை வரவேண்டும் என்பதற்கு வில்லைகளை வரிசையில் வைப்பார்கள். கொண்டுவந்த தொகைக்கு அதற்குக் கீழே இன்னொரு வரிசை வில்லைகள். மேலிருந்து கீழ்வரிசை கழிய, மிச்சம் கண்ணுக்கெதிரே நிற்கும்.

ஏன் இந்தப் பாடு? அன்றைய ஐரோப்பியக் கணக்கர்கள் எழுதியது ரோமன் எண்களில். அதில் பூச்சியம் கிடையாது, இடமதிப்பு கிடையாது. கூட்டல் கழித்தலை எழுதிப் போட்டுப் பார்ப்பது பெரிய துன்பம். துணியில் இட்ட கோடுகளே இடமதிப்பின் வேலையைச் செய்தன. காலியாகக் கிடக்கும் வரிசையே பூச்சியம். இன்னொரு வசதியும் இருந்தது. எழுத்து வாசனையே இல்லாத ஷெரீஃப்கூட, தன்னை ஏமாற்றுகிறார்களா என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது.

இந்த அவைக்கு ஏன் இந்தப் பெயர் என்று மாணவர் கேட்க, ஆசிரியர் முதலில் மேசை சதுரங்கப் பலகை போல இருப்பதால் என்கிறார். மாணவருக்கு அது போதவில்லை. அப்புறம் வருகிறது நல்ல பதில்: இங்கேயும் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து போரிடுகிறார்கள், கருவூலத் தலைவரும் ஷெரீஃபும் ஆடுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். தணிக்கை என்பது ஒரு சதுரங்க ஆட்டம் என்று எண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒரு நிதித்துறை அதிகாரி சொல்லியிருக்கிறார். வருமானவரி அலுவலகத்துக்குக் கோப்போடு போய் உட்கார்ந்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

எஸ்செக்கியே ஆங்கிலத்தில் எக்ஸ்செக்கர் ஆனது. முன்னால் நிற்கும் எஸ், லத்தீனின் ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டுதான் என்று படித்தவர்கள் தவறாக நினைத்துத் திருத்தியதால் வந்த எழுத்துப்பிழை அது. செஸ்ஸில் எஸ்ஸை வெட்டினார்கள்; எக்ஸ்செக்கரில் அதையே எக்ஸாக ஊதிப் பெருக்கினார்கள். வாய் வசதிக்காகப் பிரெஞ்சுக் குடியானவன் போட்ட ஓர் எகரம் இப்போது பிரிட்டனின் நிதியமைச்சர் பட்டத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. அவர் இன்றும் ‘சதுரங்கப் பலகையின் சான்சலர்’தான். பிரதமரின் கிராமத்து மாளிகைக்கும் செக்கர்ஸ் என்று பெயர். அந்த நிலத்தை 12ஆம் நூற்றாண்டில் வைத்திருந்தவர் எக்ஸ்செக்கரின் வாயில்காப்போன் என்பதால் அப்பெயர் வந்தது என்பதே பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

அடுத்தது குச்சி. ஷெரீஃப் பணம் கட்டினால் ரசீது வேண்டுமே. காகிதம் இல்லை. ஒரு குச்சியை எடுத்து அதில் வெட்டுகள் போட்டார்கள். எந்த வெட்டு எவ்வளவு என்பதற்கும் ஃபிட்ஸ்நீல் அளவு சொல்கிறார்: ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுனுக்குப் பருத்த வாற்கோதுமை மணி. வெட்டு போட்ட பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். கட்டியவருக்கு ஒரு பாதி, கருவூலத்துக்கு மறுபாதி. பிறகு எப்போதாவது வழக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்ப்பது. வெட்டும் மரத்தின் ரேகையும் பொருந்தினால் சரி. யாரோ ஒருவர் தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டிப் போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

இரண்டு பாதியைப் பொருத்திப் பார்ப்பது. சரிபார்த்தல் என்பதன் உடம்பு இதுதான் என்று நினைக்கிறேன். ‘கண்ட்ரோல்’ என்ற சொல்லின் கதையும் இதற்குச் சாட்சி. பிரெஞ்சில் அது ‘எதிர்ச்சுருள்’; ஒரு கணக்கின் நகலை வேறொருவரிடம் வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. நகல் ஏட்டிலிருந்து அதிகாரம் என்ற பொருள் பிறந்தது அங்கே. தடுத்து நிறுத்துவதிலிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பது பிறந்தது இங்கே. இரண்டு சொற்களும் எதிர்த்திசையில் நடந்து ஒரே மேசையில் வந்து சந்தித்திருக்கின்றன.

குச்சிகளின் முடிவையும் சொல்லாமல் விடமுடியாது. காகிதமும் இந்திய எண்களும் வந்து பல நூற்றாண்டு ஆனபின்னும் எக்ஸ்செக்கர் குச்சி வெட்டிக்கொண்டே இருந்தது. 1826இல்தான் நிறுத்தினார்கள். மிச்சமிருந்த குச்சிகளை என்ன செய்வது? ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம். 1834 அக்டோபர் 16ஆம் தேதி பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலையில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி தாங்கவில்லை. அன்று இரவு பிரிட்டனின் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. கரையில் நின்று பார்த்த ஓவியர் டர்னருக்கு அது இரண்டு பெரிய ஓவியங்கள் ஆயிற்று. சார்லஸ் டிக்கன்ஸ் பின்னால் ஒரு மேடையில் இந்தக் கதையைச் சொல்லி அரசு அலுவலகங்களின் பிடிவாதத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

ஆனால் குச்சியின் எண்ணம் எரியவில்லை. காகிதத்துக்கு மாறியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவூலப் பத்திரத்தையோ பணம் தரச் சொல்லும் சீட்டையோ கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் தங்கும் பாதிக்குச் ‘செக்’ என்று பெயர். கள்ளச் சீட்டைத் தடுத்து நிறுத்துவது அது. ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவுவதும் அது. இரண்டு பொருளும் ஒரு துண்டுத் தாளில் சேர்ந்தே இருந்தன. நாள் போகப்போகப் பெயர் புத்தகத்தில் தங்கிய பாதியிலிருந்து வெளியே போன பாதிக்குத் தாவிவிட்டது. இன்று நாம் செக் என்று நீட்டுவது உண்மையில் செக் அல்ல. கிழித்தபின் கையில் மிஞ்சுகிற துண்டுதான் ஆதிச் செக். தமிழில் அதை நாம் அடிக்கட்டை என்கிறோம். ரசீதுப் புத்தகத்துக்கும் அதே சொல். யாரும் எக்ஸ்செக்கர் குச்சியை நினைத்து அந்தப் பெயரை வைக்கவில்லை. மரத்தை வெட்டியபின் நிலத்தில் நிற்பதைப் போல இருப்பதால் வைத்தார்கள். இருந்தாலும் அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரிட்டனில் வங்கிச் செக்கின் எழுத்து மட்டும் தனியாகப் போனது. 1820களின் கடைசியில் வங்கியியல் நூல் எழுதிய ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட், எக்ஸ்செக்கரை ஒட்டி எழுதினால் குழப்பம் வராது என்று கியூ போட்டு எழுதுவதை ஆதரித்தார். அமெரிக்கர் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டார்கள். நாம் தமிழில் எழுதும்போது இந்தச் சண்டையே இல்லை.

இந்த இடத்தில் ஓர் எதிர்க்கதையைப் பார்த்தாக வேண்டும். செக் என்பது அரபி ‘ஸக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பல நூல்களும் மேடைகளும் சொல்கின்றன. ஸக் என்பது கடன் பத்திரம். உண்மையான, பழைமையான கருவி. பத்தாம் நூற்றாண்டின் பயணி இப்னு ஹவ்கல் சகாராவின் தென்விளிம்பில் அவுதகுஸ்த் என்னும் ஊரில் 42,000 தீனாருக்கு எழுதப்பட்ட ஒரு ஸக்கைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அந்த வியாபார முறை ஐரோப்பாவுக்கு எதையாவது கற்றுக்கொடுத்திருக்கலாம். ஆனால் சொல் அதுவல்ல. 1659இல் லண்டனில் ஒரு வணிகர் 400 பவுன் தரச் சொல்லி எழுதிய சீட்டு இன்றும் இருக்கிறது. அது நம் கண்ணுக்குச் செக்தான், ஆனால் அதில் அந்தச் சொல் கிடையாது. அரபியிலிருந்து கருவியும் பெயரும் சேர்ந்தே வந்திருந்தால் பெயர் ஏன் அதற்குப் பிறகு, அதுவும் அடிக்கட்டையின் பெயராக வரவேண்டும்? ஒலி ஒத்துப்போவதும் பொருள் ஒத்துப்போவதும் சேர்ந்தால் மனம் உடனே உறவு கட்டிவிடுகிறது. நம் ஊரிலும் உலக மொழிகளையெல்லாம் தமிழிலிருந்து பிறக்கவைப்பவர்கள் இந்தப் பொறியில் அன்றாடம் விழுகிறார்கள். ஒலியை மட்டும் நம்பினால் செக் குடியரசையும், வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கையும் இதே குடும்பத்தில் சேர்க்கவேண்டியிருக்கும். முதலாவது ஒரு ஸ்லாவிய மக்களின் பெயர், இரண்டாவது நம் எண்ணெய் ஆட்டும் மரம்.

அமெரிக்கா இந்த அடிக்கட்டையை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போனது. ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால் கையில் ஒரு பித்தளை வில்லை தருவார்கள், அது செக். தொப்பியையும் கோட்டையும் வாசலில் கொடுத்தாலும் செக். சாப்பாட்டுக் கடையில் பில் செக் ஆனது. 1880களில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், வேறொரு நாள் வந்து பார்க்க டிக்கெட்டின் துண்டையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது ‘ரெயின் செக்’. இன்று விருந்துக்குக் கூப்பிட்டால் “இன்னொரு நாள் பார்ப்போம்” என்று நழுவுவதற்கும் அதுவே தொடர். சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளும் செக்தான். ஆட்டம் முடிந்து எழும்போது அவற்றைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் ஒருவர் செக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் செத்துப்போனார் என்று பொருள். அரசன் சாகாத ஆட்டத்திலிருந்து கிளம்பிய சொல் கடைசியில் சாவையும் தொட்டுவிட்டது.

கட்டம் போட்ட துணிக்கு வருவோம். இது செக்கர் என்பதன் சுருக்கம். பலகையின் கட்டங்களிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. இங்கேதான் நம் கடற்கரை கதைக்குள் நுழைகிறது. ‘மெட்ராஸ் செக்ஸ்’ என்று உலகத் துணிச் சந்தையில் இன்றும் பெயர். கம்பெனிக் காலத்துக்கு முன்பிருந்தே இந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணி கிழக்கேயும் மேற்கேயும் போயிருக்கிறது. டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த பழவேற்காட்டின் பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் கட்டக் கைக்குட்டைகளுக்குப் ‘புலிகாட்’ என்று பெயர் இருந்தது. மலாயில் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘கைன் பெலிகாட்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்தத் துணியை வாங்கி, ஊசியாலும் கத்தியாலும் சில நூல்களை மட்டும் அறுத்து உருவி, கட்டத்துக்குள் வேறொரு கோலத்தை எழுப்புகிறார்கள். பிறப்பு, திருமணம், சாவு எல்லாவற்றுக்கும் அந்தத் துணி வேண்டும். 1960களில் அமெரிக்க இளைஞர்கள் இதைச் சட்டையாகப் போட்டபோது சலவையில் சாயம் போனது. வணிகர்கள் தலையில் கை வைக்கவில்லை. சாயம் போவது உறுதி என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள்.

நாம் செக்குக்குத் தமிழில் காசோலை என்றோம். மிக நல்ல ஆக்கம். காசு, ஓலை இரண்டும் நமக்குப் பழைய சொற்கள். ஓலை எழுதிப் பணம் மாற்றும் வழக்கமும் புதியதல்ல. நகரத்தார் உண்டியல் எழுதிப் பர்மாவரைக்கும் பணம் அனுப்பியவர்கள். இந்தச் சொல்லின் முன்பாதிக்கு ஆங்கிலத்தோடு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள். ரொக்கத்தைக் குறிப்பது பணப்பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கீழை நாடுகளின் சின்னச் செப்புக் காசைக் குறிக்கும் மற்றொரு கேஷ், நம் காசு போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து போய்ச் சேர்ந்தது. கம்பெனியின் மதராஸ் கணக்குப் புத்தகங்களில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பின்பாதியும் சும்மா இல்லை. அடிக்கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘எதிர் இலை’ என்று பொருள்படும் சொல். வங்கியில் ‘செக் லீஃப்’ என்று கேட்கிறோமே, அதுவும் இலை. ஓலையும் இலைதான். இந்தியாவில் இந்த இலைக்குச் சட்டப் பொருள் தந்தது 1881இன் மாற்று முறிச் சட்டம். பணமில்லாமல் திரும்பினால் குற்றம் என்று ஆனது 1988இன் திருத்தத்துக்குப் பிறகு. அன்றிலிருந்து ‘செக் பவுன்ஸ்’ நீதிமன்ற வாசல்களில் அன்றாடப் பேச்சு.

சதுரங்கம் மட்டும் செக்கை மெல்லமெல்லக் கைவிட்டு வருகிறது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் இன்றைய விதிகளின்படி செக் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய போட்டிகளில் யாரும் சொல்வதும் இல்லை. எதிராளிக்குத் தெரியாதா என்ன, சொன்னால் அவரைச் சிறுமைப்படுத்துவது போல. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நூற்றுக்கணக்கான பலகைகள் ஒரே கூடத்தில் இருந்தும் அங்கே நிலவியது நூலக அமைதி. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்ற கடைசி ஆட்டத்திலும் அரசன் மாத் ஆகவில்லை. டிங் லிரென் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். அந்தப் பழைய எச்சரிக்கை இப்போது சத்தமாகக் கேட்பது திண்ணைப் பையனிடமும், பிறகு நம் அரசியல் பத்திரிகைகளிடமும்தான். அங்கே அது பாரசீகத்தில் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது. வாராவாரம் அட்டையில் ஆள்பவர் ஒருவர் படம். பக்கத்தில், கொட்டை எழுத்தில், செக்.